தோளில் வைத்த குடம்

தம்பிக்கு,

அடுத்த அறையில் இருக்கிற மகனுக்கு அம்மா கடிதம் எழுதுகிறாளே, மண்டை பிசகிவிட்டதோ என்று யோசிக்காதே. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலையில் போடுகிற பிரஷர்க் குளிசையும் போட்டுவிட்டேன். வாயால் சொல்லத்தான் பார்த்தேன். நான் ஒரு வசனம் தொடங்க முதலே நீ இரண்டு கையையும் விரித்து விளங்கப்படுத்தத் தொடங்கிவிடுகிறாய். உன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சொல்ல வந்ததை நான் மறந்துபோகிறேன். எழுதினால் உன் கை குறுக்கே வராது. இதை உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. மானிப்பாய்ச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் உன் நாடகத்தைப் பற்றித்தான் கதை. ஊர் முழுக்கக் கதைத்து முடித்த விஷயத்தில் நமக்குள் என்ன இரகசியம்? உன் கூட்டாளிகள் வாசித்தாலும் சரி, நீ கலியாணம் கட்டப்போகிற மதுரா வாசித்தாலும் சரி.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை சாவகச்சேரியில், மதுராவின் ஊரிலேயே, அந்த நாடகத்தை இரண்டாம் தரம் போடப்போகிறாய். போட்டால் ஆவணியில் வைத்த கலியாணத்தைத் தள்ளிவைக்க வேண்டிவரும் என்று மதுராவின் அம்மா சொல்லிவிட்டார். தள்ளிவைப்பது என்றால் என்னவென்று நம் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. நான் உன்னை நிறுத்தச் சொல்லவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார். நீயோ நான் கேட்க முதலே மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய். நடுவில் நிற்கிற எனக்கு, அந்த நாடகத்தில் நீ என்னதான் சொன்னாய் என்பதே இன்னும் விளங்கவில்லை. கேள்வி விளங்காத கணக்குக்கு விடை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது? அதனால் முதலிலிருந்து ஒருமுறை செய்து பார்க்கிறேன். வழியில் எங்காவது பிழைத்தால் நீ வாசிக்கும்போது திருத்திக்கொள்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே எனக்கு இந்தச் சிக்கல் இருந்தது. சாப்பாட்டு மேசைக் கதிரைகளை விறாந்தையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி பஸ் ஓடுவாய். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் களைத்துப்போய் வந்து, கண்ணில்பட்ட முதல் கதிரையில் இருந்துவிட்டேன். நீ வீரிட்டுக் கத்தினாய். நான் இருந்தது சாரதியின் மேலாம். அவர் நசுங்கிச் செத்துப்போனாராம். கதிரை என்றால் இருக்கிறதுக்குத்தான் என்று உன்னை ஏசிவிட்டு, அதையும் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். பின்னேரம் அப்பா வந்தார். நாள் முழுக்கப் பருத்தித்துறை பஸ்ஸில் நின்று ரிக்கற் கிழித்த மனுசன், சேட்டுக்கூடக் கழற்றாமல், முற்றத்தில் ஒரு பூவரசம் இலையைப் பிடுங்கி உன்னிடம் நீட்டி, கீரிமலைக்கு ஒன்று தரும்படி கேட்டார். நீ இலையைக் கிழித்து அரைவாசியைக் கொடுத்தாய். அவர் கடைசிக் கதிரையில் இருந்து, பள்ளம் வருகிற இடமெல்லாம் குலுங்கிக் குலுங்கிக் கீரிமலைக்குப் போனார். போய் இறங்கிக் கேணியில் முழுகியதாகத் தலையைக்கூடத் துவட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த மனுசன் பிள்ளையைக் கெடுக்கப் பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். கதிரை கதிரைதான் என்று சொல்ல வீட்டில் ஒரு ஆளாவது வேண்டாமா?

நான் ஓய்வு பெறும்வரை கணிதம் படிப்பித்தவள். எக்ஸ் என்க என்று கரும்பலகையில் எழுதினால், கணக்கு முடியும்வரை எக்ஸ் அதேதான்; நடுவில் மாம்பழமாக மாறாது. இருபடிச் சமன்பாட்டில் இரண்டு விடை வரும் என்பது உண்மைதான். ஆனால் கேட்டது ஒருவருடைய வயதாக இருந்து, வந்த விடைகளில் ஒன்று மறை எண்ணாக இருந்தால், பொருந்தாது என்று பக்கத்தில் எழுதி அதை வெட்டிவிடுவோம். உன் நாடகத்தில் வருகிற குடத்துக்கும் இரண்டு விடை வருகிறது, தம்பி. எதை வெட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

முதல் தரம் போட்ட அன்று மாலை மண்டபத்தில் எனக்கு முன்வரிசையில் இடம் வைத்திருந்தாய். எனக்குப் பக்கத்தில் மதுரா, அவளுக்கு அங்கால் அவளுடைய அம்மா. மருமகனின் நாடகம் என்று நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டி, இரண்டு பஸ் மாறி, எனக்கென்று ஒரு பலாப்பழமும் சுமந்துகொண்டு வந்திருந்தார் பாவம். திரை விலகியது. மேடையில் வேறொன்றும் இல்லை. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் நடுவில் ஒரு பெண்ணை இருத்தியிருந்தாய். அவளுடைய தலைக்கு மாப்பூசி நரைக்க வைத்திருந்தீர்கள். அவள் அசையவே இல்லை. பிறகு நீ வந்தாய். சேட்டில்லாத வெறும் மேல், வெள்ளை வேட்டி, இடத் தோளில் ஒரு மண்குடம். அவளைச் சுற்றி நடக்கத் தொடங்கினாய். கறுப்பு உடுப்புப் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து குடத்தில் கம்பியால் கொத்த, ஓட்டை விழுந்து தண்ணீர் உன் முதுகால் ஒழுகியது. ஒழுகத் தொடங்கியதும் மண்டபம் முழுக்க ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் யாரோ சிவ சிவா என்றார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் மகன் சுடலையில் தூக்குகிற கொள்ளிக்குடம் அது என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. நீ சொல்வதை நம்பினால், உன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை.

மதுராவின் அம்மா எழும்பினார். கலியாணத்துக்கு நாள் வைத்த மாப்பிள்ளை, பெற்ற தாய் முன்வரிசையில் உயிரோடு இருக்க, குடம் தூக்கிச் சுற்றுகிறான். அந்த மனுசி வேறென்ன செய்யும்? சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். மதுரா எழும்பவில்லை. நான் எழும்பவும் இல்லை, இருக்கவும் இல்லை; கதிரை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் தண்ணீர் முழுக்க ஒழுகி முடிய, நீ அந்தப் பெண்ணுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, வெறும் குடத்தை அவளுடைய மடியில் வைத்து, அவளுடைய முகத்தைப் பார்த்தபடியே இருந்தாய். விளக்கு அணைந்தது. கைதட்டுவதா, தலையில் கைவைப்பதா என்று சனத்துக்கும் தெரியவில்லை. கொஞ்சப் பேர் தட்டினார்கள்.

வெளியே வந்தால் எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற செல்வராணி ஓடிவந்து என் கையைப் பிடித்து, உங்களுக்குச் சுகம்தானே ரீச்சர் என்று கேட்டாள். காலையில்தான் கிணற்றடியில் நின்று அவளும் நானும் அரைமணித்தியாலம் கதைத்தது. உனக்கு நாடகம் படிப்பிக்கிற விரிவுரையாளர் வந்து, அருமையான படிமம் என்று கும்பிட்டார். அந்தக் குடம் எதைக் குறிக்கிறது என்று அவரிடம் கேட்டேன். பார்க்கிறவர் எதைக் காண்கிறாரோ அதுதான் அதன் பொருள் என்றார். அப்படியென்றால் எழும்பிப்போன சம்மந்தியம்மா கண்டதும் சரிதானே என்றேன். அவர் சிரித்தார். பிறகு பிளேன்ரீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் குசினியில் வைத்து உன்னையே கேட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய், குறை சொல்லமாட்டேன். நாடகம் தண்ணீரைப் பற்றியது. எங்கள் வலிகாமப் பக்கத்துக் கிணறுகள் உவராகிக்கொண்டு போகின்றன. அந்தப் பெண் நிலம், குடம் கிணறு, கொத்துகிறவர்கள் வளவுக்கு வளவு ஆழக் குழாய்க்கிணறு இறக்குகிற நாங்கள் எல்லோரும். அவ்வளவுதான், அது உருவகம் என்றாய். சரி என்றேன். பிறகு எனக்குப் பொறுக்கவில்லை, கேட்கத் தொடங்கினேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில்தானே வைப்பார்கள், நீ ஏன் தோளில் வைத்தாய்? இடுப்பில் வைத்தால் பின்வரிசைக்குத் தெரியாது என்றாய். வீட்டில் பிளாஸ்டிக் குடம் இருக்கிறதே, ஏன் மண்குடம்? பிளாஸ்டிக்கில் கொத்தினால் சத்தம் வராது, ஓட்டையும் வடிவாக விழாது. ஏன் எல்லாம் வெள்ளை? வெள்ளைதான் வெளிச்சத்தை வாங்கும். கோயிலில் வலமாகச் சுற்றுகிற பிள்ளை, மேடையில் ஏன் இடமாகச் சுற்றினாய்? லைற் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, மற்றப் பக்கத்தால் வந்தால் முகம் இருட்டில் போய்விடும். ஏன் வெறும் மேல்? தண்ணீர் ஒழுகுவது தெரியவேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தாய். ஒன்றிலும் எனக்குப் பிழை பிடிக்க முடியவில்லை. தனித்தனியாக எல்லாம் சரி, கூட்டினால் செத்தவீடு வருகிறது. இது என்ன கண்டறியாத கூட்டல்?

சரி, குடத்தை இடுப்பில் வைத்து, ஒரு சேட்டையும் போட்டுக்கொண்டு செய்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டேன். அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது.

“அப்ப அது ஒண்டுமில்லையம்மா. ஆரோ ஒருத்தன் தண்ணி கொண்டு போறான், அவ்வளவுதான்” என்றாய்.

அதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீரைப் பற்றிய நாடகத்தில் ஒருவன் தண்ணீர் கொண்டுபோனால் ஏன் அது ஒன்றுமில்லாமல் போகிறது? தோளில் ஏற்றியதும் அதில் வேறு ஏதோ வந்து சேர்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் என்ன வந்து சேர்கிறது என்று கேட்டால், பின்வரிசை, லைற் என்று எங்கெங்கோ போகிறாய். தெரிந்துகொண்டு ஒளிக்கிறாயா, உனக்கே தெரியாதா? கேட்க எனக்குப் பயமாகவும் இருந்தது. உள்ளதைச் சொன்னால், என்னை வைத்துத்தான் அதைச் செய்தாயோ, இந்தக் கிழவியைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக நோர்வேக்குப் பிளேன் ஏறலாம் என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்தாயோ என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்து அழுதேன். கோபிக்காதே, அப்படித்தான் நினைத்தேன்.

ஏனென்றால் நீ குடம் தூக்காத பிள்ளை இல்லை. அப்பா போனபோது உனக்குப் பத்தொன்பது வயது. எங்களுக்கு நீ ஒரே பிள்ளை, உன்னைவிட வேறு யார் தூக்குவது? பறைச் சத்தம் ஒழுங்கை மூலையில் திரும்பும்வரை நான் வாசல் படலையில் நின்று பார்த்தேன். நம் வழக்கத்தில் பெண்களுக்கு எல்லை அந்தப் படலைதான். அதற்கு அங்கால் அவரை நீங்கள் எப்படி வைத்தீர்கள், நீ என்ன செய்தாய், எப்படி நின்றாய், ஒன்றும் நான் காணவில்லை. திரும்பி வந்தபோது உன் வேட்டி நனைந்திருந்தது, தோள் சிவந்திருந்தது. குளித்துவிட்டு வந்து சாப்பிட்டாய். நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அங்கே நடப்பது எனக்குக் கேள்வி அறிவுதான். இப்போது வெளிநாட்டுச் சனத்துக்காகச் செத்தவீட்டைப் போனில் காட்டுகிறார்களே, அதில் கண்டதும்தான். மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு கொத்து, பிறகு குடத்தைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதைச் செய்துவிட்டு வந்தவனுக்கு, அதே தோளில் அதே மாதிரிக் குடத்தை ஏற்றும்போது ஒன்றுமே ஞாபகம் வரவில்லையா? வரவில்லை என்று சத்தியம் பண்ணுகிறாய். நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை. அதனால்தான் எனக்குத் தலை சுற்றுகிறது.

செவ்வாய்க்கிழமை உனக்குச் சொல்லாமல் சாவகச்சேரிக்குப் போனேன். டொக்டரிடம் பல்லைக் காட்டப் போகிறேன் என்று சொன்னது பொய். பஸ்ஸில் போகும்போது என்னென்ன சொல்வது என்று வரிசையாக மனதில் எழுதி வைத்திருந்தேன். சம்மந்தியம்மா முகம் கொடுத்துத்தான் கதைத்தார். தேத்தண்ணியும் தட்டு நிறையப் பயற்றம் பணியாரமும் வைத்தார். நான் தொடங்கினேன், கணக்கில் எக்ஸ் என்று வைக்கிறோமே அதைப்போல என்று. பிழையான வழியில் தொடங்கிவிட்டேன் என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. படிப்பில் பின்னுக்கு நிற்கிற பிள்ளைகள் பாடம் முடிய மணி அடிக்கும்வரை பணிவாகக் காத்திருக்குமே, அப்படி இருந்தார். அந்தப் பெண் நிலம் என்றேன். நிலம் செத்துப்போச்சோ என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப ஏன் குடம் என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லை அக்கா, எல்லோரும் நினைக்கிற மாதிரி அது நான் இல்லை என்று சொல்லிவைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் உங்களை எண்டு சொல்லேல்லையே, ரீச்சர்” என்றார்.

உண்மைதான். ஊரெல்லாம் சொன்னது, செல்வராணி சொன்னது, நான் நினைத்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எழும்பிப்போனது என்னைப் பார்த்து இல்லை, தம்பி. கொஞ்ச நேரம் பணியாரத் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தார். பிறகு தானாகவே சொன்னார்.

“மதுராவின்ரை அப்பா மோசம்போனவுடனை லண்டனிலை இருக்கிற மோனுக்குப் போன் அடிச்சுச் சொன்னம். அவன்ரை அகதிக் கேஸ் முடியேல்லை, வந்தாத் திரும்பிப் போகேலாது. சொந்தத்திலை பெறாமகன் முறையான ஒருத்தன்தான் குடம் தூக்கினவன். நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. நான் அறைக்குள்ளை இருந்து போனிலை பார்த்தனான். மோனும் அங்கை இருந்து பார்த்தவன், அவன்ரை முகமும் ஒரு மூலையிலை தெரிஞ்சது. இஞ்சை குடத்திலை கொத்தக் கொத்த, அங்கை அவன் தன்ரை தோளைத் தடவிக்கொண்டு இருந்தவன், ரீச்சர்.”

நான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஆறிப்போனது. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, உங்கள் மகனும் வெளியில் போகிற பிள்ளை, போகிற பிள்ளை போவதற்கு முன் உந்தக் குடத்தை ஏன் தூக்கவேண்டும் என்று கேட்டார். கலியாணம் முடிந்த பிறகு எத்தனை தரமும் போடட்டும், நாங்களும் வந்து பார்ப்போம், சனிக்கிழமை வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்கும் சண்டைபிடிக்க வசதியாக இருந்திருக்கும். எக்ஸையும் தூக்கிக்கொண்டு நான் படி இறங்கினேன்.

மதுரா பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். உன்னை நிறுத்தச் சொல்லித் தான் கேட்கமாட்டாளாம், போடச் சொல்லியும் சொல்லமாட்டாளாம். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நானும்தானே போகிறேன் என்றாள். குடத்தை மடியில் வைத்த இடத்தில் தான் அழுததாகச் சொன்னாள். நிலத்தை நினைத்தா என்று கேட்டேன். தெரியாது மாமி என்றாள். அவளும் அப்படித்தான், உனக்கு ஏற்ற பிள்ளை. ஆனால் அவள் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது. இவ்வளவு நாளும் எல்லோரும் எனக்கு விளங்கப்படுத்தத்தான் பார்த்தார்கள்.

பஸ் கைதடியைத் தாண்டுகிற நேரம்தான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. சம்மந்தியம்மா கடைசியைப் பார்க்கவில்லை. குடம் ஒழுகும்போதே எழும்பிப் போய்விட்டார். அவருக்கு நாடகம் சுடலையோடு முடிந்துவிட்டது. ஆனால் நீ குடத்தைப் பின்னால் போட்டு உடைக்கவில்லை. திரும்பி வந்து மடியில் வைத்தாய். முகத்தைப் பார்த்தாய். சுடலையில் எதைச் செய்யக்கூடாதோ அதைத்தான் செய்தாய். அப்பாவைத் திரும்பிப் பார்க்க அன்று உன்னை விட்டிருக்கமாட்டார்கள். அதுதானா? அப்படியென்றால் அந்தப் பெண் நிலமும் இல்லை, நானும் இல்லை, அப்பாவா? நரைத்த கொண்டை போட்ட பெண் எப்படி அப்பா ஆவார்? ஐயோ தம்பி, என்னை விசராக்கிவிட்டாய். பக்கத்தில் இருந்தவர் என்னை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டுக் கதைத்துவிட்டேன் போலிருக்கிறது. விடையைச் சொல்லு என்று உன்னை இனிக் கேட்கமாட்டேன். நீ எதைச் சொன்னாலும் நான் மற்றதை வெட்டவேண்டிவரும். வெட்ட எனக்கு விருப்பமில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், படிப்பித்த பழக்கம் விடாது. மேடையில் ஒரு பொருளை வைத்தால் அது உன் சொல் கேட்டு நிற்காது. பார்க்க வருகிற சனம் வெறுங்கையோடு வருவதில்லை. ஆளுக்கொரு செத்தவீட்டை, ஆளுக்கொரு கலியாணத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்துதான் உனக்கு முன்னால் இருக்கிறது. அதற்காக அவர்களோடு கோபிக்காதே. அது உருவகம் என்று சொல்லி அவர்களுடைய வாயை அடைக்கவும் பார்க்காதே. சம்மந்தியம்மாவிடம் அப்படிச் சொல்லித்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தையில் நீ நோர்வேக்குப் போய்ப் படிக்கப்போகிறாய். அங்கே இதே குடத்தை இதே தோளில் வைத்து நடந்து பார். லைற் நன்றாக விழும், பின்வரிசைக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் மூச்சை இழுக்கமாட்டார்கள். ஆரோ ஒருவன் தண்ணீர் கொண்டு போவான். அன்றைக்கு உனக்கு எங்கள் சனத்தின் மேல் ஆசை வரும்.

இவ்வளவும் நேற்று எழுதியது. அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனையை வைத்துவிட்டேன். நிறுத்து என்று எழுதினால் நீ நிறுத்திவிடுவாய், அது எனக்குத் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது நிறுத்துவாய். போடு என்று எழுதினால் கலியாணம். மதுராவை நினைத்தால் அதுவும் முடியாது. இன்று காலையில் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கும்போது, இவ்வளவு நாளும் உன்னைப் பற்றியே யோசித்தேனே, என்னைப் பற்றி ஒருக்கால் யோசித்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். எனக்குப் பிரஷரும் இருக்கிறது, சீனி வருத்தமும் இருக்கிறது. நீ போகிற தூரமும் எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடுகிற நாளில் உனக்கு லீவு இருக்குமோ, பிளேன் இருக்குமோ, அங்கே பனி கொட்டுமோ, யாருக்குத் தெரியும்? வெயிலுக்குள் என்னை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? சித்தப்பாவின் மகன்தான் தூக்குவான். நீ அங்கே இருந்து போனில் பார்ப்பாய்.

இதை நினைத்ததும் அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. செத்தவள் பார்க்க முடியாது, உயிரோடு இருப்பவள் சுடலைக்குப் போகமுடியாது. மகன் தனக்குக் குடம் தூக்கும்போது அவனுடைய முகம் எப்படி இருக்கும் என்று நம் ஊரில் எந்தத் தாய்க்குத் தெரியும்? எனக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்து பார்த்தேன். தண்ணீர் ஒழுக ஒழுக உன் முதுகு நடுங்கியதையும் பார்த்தேன், மடியில் வைத்துவிட்டு நீ நிமிர்ந்து பார்த்த பார்வையையும் பார்த்தேன். அது நிலம்தான் என்று நீ சொல்லு. எனக்கு ஆட்சேபணை இல்லை. நிலமும் இருந்துவிட்டுப் போகட்டும்.

விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டு உடனேயே சம்மந்தியம்மாவுக்குப் போன் அடித்தேன். யோசித்தால் பயம் வந்துவிடும்.

“அக்கா, நான் அவனை நிப்பாட்டச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்” என்றேன்.

அவர் இடையில் புகுமுன் நானே தொடர்ந்தேன்.

“என்ரை மோனும் நினைச்சவுடனை வரேலாத இடத்துக்குத்தான் போறான். அண்டைக்கு ஆர் தூக்குவினமோ எனக்குத் தெரியாது. அவன் எனக்கு இப்பவே குடம் தூக்கிட்டான், நான் கண்ணாலை கண்டிட்டன். இனி அண்டைக்கு அவன் வராட்டிலும் எனக்குக் குறையில்லை. நீங்கள் பாதியிலை எழும்பிப் போயிட்டியள் அக்கா. அவன் குடத்தைப் போட்டு உடைக்கேல்லை. திரும்பி வந்து மடியிலை வைச்சவன். சனிக்கிழமை வந்து மிச்சத்தையும் ஒருக்கா பாருங்கோ. நான் உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறன். அதுக்குப் பிறகும் நாளைத் தள்ளவேணும் எண்டா, தள்ளுவம்.”

போன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வெட்டுப்படவில்லை. அவர்களுடைய வீட்டில் எங்கோ ஒரு சேவல் கூவியது கேட்டது. அவர் மூக்கை உறிஞ்சினார்.

“மடியிலையோ வைச்சவர்?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா.”

பிறகு கேட்டார்:

“ரீச்சர், சனிக்கிழமை நான் அதைப் போனிலை பிடிச்சு லண்டனுக்குக் காட்டலாமோ? மோன் பார்க்கட்டும்.”

நாடகம் நடக்கும்போது போனைத் தூக்கினால் உனக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமலே ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா